கரிசல் கண்ட தொழில் முன்னோடி: சிவகாசி பி. அய்ய நாடார்

இலக்கிய வட்டம் ஒன்றின் பத்தாம் ஆண்டு மலரில் தொழிலதிபர் ஒருவரின் வாழ்க்கை வரலாறு எதற்கு என்று அன்பர்கள் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆயினும் கரிசல் இலக்கியம் என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் எழுத்துகள் அனைத்தும் இம்மண்ணின் மக்கள் எவ்வாறு பிழைத்தார்கள் என்பதைப் பற்றியவையே. இடைசெவல் தந்த கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் சம்சாரிகளின் உலகத்தை நமக்குக் காட்டினார்கள். அவர்களுக்குப் பின் வந்த பூமணி, அந்தச் சம்சாரிகளின் பிள்ளைகள் காட்டை விட்டுத் தீப்பெட்டி ஆபீசுக்குப் போன கதையைக் ‘கருவேலம் பூக்கள்’ என்னும் திரைப்படமாகவே எடுத்தார். கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி, கழுகுமலை, எட்டயபுரம் என்று விரியும் இவ்வட்டாரத்தில் தீப்பெட்டி ஆபீசை அறியாத குடும்பம் அரிது. அந்தத் தொழிலை இங்குக் கொண்டுவந்து நட்டவர்களின் கதையை அறியாமல் நம் இலக்கியத்தை முழுமையாக அறிந்துவிட இயலாது. ஆதலின் சிவகாசி பி. அய்ய நாடார் அவர்களின் வாழ்வை இம்மலரில் நினைவுகூர்வது பொருத்தமே.

மண்ணும் காலமும்

அய்ய நாடார் 1905ஆம் ஆண்டு சிவகாசியில் பிறந்தார். அன்று சிவகாசி, கோவில்பட்டி இரண்டும் திருநெல்வேலி மாவட்டத்திலேயே அடங்கியிருந்தன. ஊர்கள் வேறாயினும் மண் ஒன்றே. வானம் பார்த்த கரிசல் பூமி. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்தால் பருத்தியும் கம்பும் சோளமும் குதிரைவாலியும் உண்டு. பொய்த்தால் நெடுங்கோடை ஒன்றே உண்டு. இம்மண்ணில் எதை விளைவிக்கலாம் என்று ஆராய்வதற்காகவே 1901இல் கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் ஒன்றை அரசு அமைக்க வேண்டியிருந்தது என்றால், உழவை மட்டும் நம்பி வாழ்வது எத்துணைக் கடினமாக இருந்தது என்பதை எளிதில் உணரலாம்.

நிலம் இவ்வாறிருக்க, ஊரின் நினைவில் ஆறாத புண் ஒன்றும் இருந்தது. அய்ய நாடார் பிறப்பதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்னர், 1899இல், கோயில் நுழைவு உரிமையை ஒட்டி எழுந்த பூசல் சிவகாசிக் கலவரமாக வெடித்தது. வீடுகள் எரிந்தன, உயிர்கள் மாண்டன. பல்லாண்டுகளுக்குப் பின்னர், பூமணியின் ‘அஞ்ஞாடி’ நாவல் அந்நாளின் துயரத்தை விரிவாகப் பதிவு செய்து, 2014இல் சாகித்திய அகாதெமி விருதையும் பெற்றது. அக்கலவரத்திற்குப் பின் சிவகாசி வணிகக் குடும்பங்கள் சோர்ந்துவிடவில்லை. வணிகத்தில் ஒரு பங்கை மகமையாக எடுத்துவைத்துப் பொதுக் காரியங்களுக்குச் செலவிடும் வழக்கம் அவர்களிடம் முன்பே உண்டு. அப்பணம் பள்ளிகளாக மாறியது. வணிகத்தால் தலைநிமிர்வது என்னும் உறுதி அத்தலைமுறையில் வேரூன்றியது. அந்த உறுதியின் பிள்ளையாகவே அய்ய நாடார் வளர்ந்தார்.

கல்கத்தாப் பயணம்

அக்காலத்தில் தமிழ்நாட்டு அடுப்புகளை எரித்த தீக்குச்சி ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கப்பலில் வந்தது. 1922இல் இந்திய அரசு வருவாயைப் பெருக்கும் பொருட்டு இறக்குமதித் தீப்பெட்டி மீது, ஒரு குரோசுக்கு, அதாவது 144 பெட்டிகளுக்கு, ஒன்றரை ரூபாய் என்று சுங்கவரியை உயர்த்தியது. கருவூலத்தை நிரப்ப எண்ணி அரசு செய்த இச்செயல், உள்நாட்டில் தீப்பெட்டி செய்வோருக்கு எதிர்பாராத வாய்ப்பாக அமைந்தது. சுதேசி உணர்வும் உச்சத்தில் இருந்த காலம் அது.

அதே 1922இல் அய்ய நாடாரும் அவருடைய உறவுமுறைச் சகோதரர் ஏ. சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தாவுக்குப் பயணமாயினர். அய்ய நாடாருக்கு அப்போது பதினேழு வயது. சிவகாசிக்கு அந்நாளில் ரயில் கிடையாது. விருதுநகர்–தென்காசி இருப்புப்பாதை 1927இல்தான் வந்தது. அத்தகைய சிற்றூரிலிருந்து, வேற்று மொழி வழங்கும் பெருநகருக்கு, மூலதனம் தேடியும் அல்லாமல், உத்தியோகம் தேடியும் அல்லாமல், ஒரு கைவேலையைக் கற்றுவரவே இரு இளைஞர்கள் சென்றனர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. கல்கத்தாவில் ஜப்பானியரிடம் அத்தொழிலைப் பழகியிருந்த பூர்ண சந்திர ராய் என்பவரிடம் அவர்கள் கற்றனர். ஜப்பானியர் கையிலிருந்து வங்காளியின் கைக்கும், வங்காளியின் கையிலிருந்து கரிசல் இளைஞர்களின் கைக்கும் இவ்வாறு அவ்வித்தை வந்து சேர்ந்தது.

கற்றுத் திரும்பியவர்கள் 1923இல் சிவகாசியில் கூட்டாகத் தொழிற்சாலை தொடங்கினர். முதலில் ஜெர்மனியிலிருந்து இயந்திரங்களைத் தருவித்தே தொழிலை நடத்த முயன்றனர். ஆனால் இயந்திரம் கேட்கும் செலவைச் சிற்றூர்த் தொழில் தாங்கவில்லை. மாறாக, வேலையின்றிக் கிடந்த கைகளோ ஊரைச் சுற்றிலும் ஏராளமாக இருந்தன. ஆகவே கைத்தொழில் முறைக்கு மாறினர். அய்ய நாடாரின் வாழ்வில் மட்டுமன்றி, இவ்வட்டாரத்தின் வரலாற்றிலேயே பெரிய திருப்பம் இதுதான் எனலாம். பின்னர் விளைந்த நன்மைகளும் தீமைகளும் இந்த ஒரு முடிவிலிருந்தே கிளைத்தன.

தொழிலின் இயல்பு

அது எவ்வாறு என்பதை விளங்கிக்கொள்ளத் தீப்பெட்டி செய்யும் முறையைச் சிறிது அறிதல் வேண்டும். மரக்குச்சிகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் சட்டத்தில் வரிவரியாக அடுக்குவது முதல் வேலை. இதனைக் கட்டை அடுக்குதல் என்பர். அடுக்கிய குச்சிகளின் நுனியை உருக்கிய மெழுகில் தோய்த்து, பின்னர் பொட்டாசியம் குளோரேட்டு, கந்தகம், வச்சிரம் முதலியன கலந்த மருந்தில் முக்கி உலர்த்த வேண்டும். அட்டையாலோ மரச்சீவலாலோ பெட்டி ஒட்டுவது தனி வேலை. பெட்டியின் பக்கத்தில் சிவப்புப் பாஸ்பரஸ் மருந்து பூசப்படும். குச்சியின் மருந்து பெட்டியின் மருந்தோடு உரசினால்தான் தீப்பற்றும். பாதுகாப்புத் தீக்குச்சி என்று அது பெயர் பெற்றதன் காரணம் இதுவே. பின்னர் பெட்டியில் குச்சி அடைத்து, லேபிள் ஒட்டி, கட்டாகக் கட்டி அனுப்ப வேண்டும்.

இவ்வேலைகளுள் மருந்து கலப்பதும் முக்குவதும் மட்டுமே நுட்பமும் ஆபத்தும் மிக்கவை. ஏனையவற்றைக் கைப்பழக்கம் உள்ள எவரும் செய்யலாம். பெட்டி ஒட்டுவதை வீட்டுத் திண்ணையிலேயே செய்யலாம். மழை குறைந்த, ஈரப்பதம் குறைந்த கரிசல் காற்று குச்சியையும் மருந்தையும் விரைவில் உலர்த்தியது. பயிருக்குச் சாபமாக இருந்த வறட்சி தீக்குச்சிக்கு வரமாயிற்று. பெருமுதல் இல்லாதவரும் சிறு கொட்டகை ஒன்றில் தொழிலைத் தொடங்க முடிந்தது. ஆகவே இரண்டு குடும்பங்களோடு நின்றுவிடாமல் தொழில் ஊர் முழுதும் பரவியது. சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் அவற்றைச் சூழ்ந்த கிராமங்களுக்கும் சென்றது. பஞ்சாலைகளாலும் பருத்தி வாணிகத்தாலும் பெயர் பெற்ற கோவில்பட்டி, தீப்பெட்டிக்கும் பெயர் பெற்ற நகராயிற்று.

அணிலும் காக்கையும்

1926இல் சகோதரர் இருவரும் தொழிலைப் பிரித்துக்கொண்டனர். அய்ய நாடாரின் நிறுவனம் அணில் மார்க்கையும், சண்முக நாடாரின் நிறுவனம் காக்கா மார்க்கையும் தம் அடையாளங்களாகக் கொண்டன. எழுத்தறிவு அரிதாக இருந்த காலத்தில் இப்பெயர்களின் பொருத்தம் வியப்பளிப்பது. அணிலையும் காக்கையையும் அறியாத குழந்தை தமிழ்நாட்டில் இல்லை. பெட்டிக்கடையில் படத்தைப் பார்த்தே பாட்டியும் பேரனும் தம் தீப்பெட்டியைக் கேட்டு வாங்கினர். தொழில் பிரிந்து ஒரு நூற்றாண்டு ஆகியும், சிவகாசியின் தோற்றத்தைச் சொல்லும்போது இருவர் பெயரையும் இணைத்தே சொல்வது வழக்கமாக இருக்கிறது.

படம் அச்சிட்ட அந்தச் சிறு லேபிள்தான் சிவகாசியின் அச்சுத் தொழிலுக்கும் வித்திட்டது. லேபிள் தேவை பெருகப் பெருக, வெளியூர் அச்சகங்களை நம்பியிராமல் ஊரிலேயே லித்தோ அச்சகங்கள் எழுந்தன. பின்னாளில் இந்தியாவெங்கும் சுவர்களை அலங்கரித்த நாட்காட்டிகளும், பள்ளிப் பிள்ளைகளின் நோட்டுப் புத்தக அட்டைகளும், திருமண அழைப்பிதழ்களும் அங்கிருந்து வந்தன. தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என்னும் மூன்று தொழில்களால் சிவகாசி குட்டி ஜப்பான் என்று பெயர் பெற்றது. அப்பெயரைச் சூட்டியவர் நேரு என்று சொல்லப்படுகிறது.

தீக்குச்சி அரசனும் சிற்றூர்த் தொழிலும்

அய்ய நாடார் எதிர்கொண்ட போட்டி சிறிதன்று. ஸ்வீடன் நாட்டு ஐவார் குரூகர் அக்காலத்தில் உலகின் தீக்குச்சி அரசன் என்று பெயர் பெற்றிருந்தார். அரசுகளுக்கே கடன் கொடுத்து, அதற்கு ஈடாக அந்நாடுகளில் தீக்குச்சி விற்கும் தனியுரிமையைப் பெற்றவர் அவர். சிவகாசியில் தொழில் தொடங்கிய அதே 1923இல் அவருடைய ஸ்வீடன் நிறுவனமும் இந்தியாவில் விம்கோ என்னும் கிளையைத் தொடங்கியது. ஒருபுறம் உலகெங்கும் கிளை பரப்பிய இயந்திரத் தொழில். மறுபுறம் ரயிலும் எட்டாத ஊரில் கையால் குச்சி அடுக்கும் கொட்டகை.

1932 மார்ச்சில் குரூகர் பாரிஸ் நகரில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். கடன்மேல் கடனாக அவர் எழுப்பிய மாளிகை சரிந்தது. விம்கோ அதன் பின்னும் பல்லாண்டுகள் வலுவோடு நிலைத்தது. 1934இல் அரசு தீப்பெட்டிக்கு ஆயத்தீர்வை விதித்தபோது சிறு தொழிலுக்குப் புதிய சுமை வந்தது. ஆயினும் சிவகாசி அழியவில்லை. விடுதலைக்குப் பின் வந்த அரசுகள் சிறுதொழிலுக்கும் கைத்தொழிலுக்கும் தீர்வையில் சலுகை அளித்தபோது சந்தையில் அதன் பங்கு மேலும் பெருகியது. பின்னாளில், 2005இல், விம்கோவே ஐ.டி.சி. நிறுவனத்தின் கைக்குச் சென்றது. பெருநிறுவனங்களின் கதை இவ்வாறு மாறி மாறி அமைய, ஆயிரக்கணக்கான வீடுகளில் கிளை பரப்பிய தொழில் நிலைத்தது. ஒருவர் கையில் குவியாமல் பலர் கையில் பரவியதே அதன் வலிமையாயிற்று.

மத்தாப்பிலிருந்து பட்டாசுக்கு

தீக்குச்சி மருந்தின் இரசாயனம் அறிந்தவர்க்கு வண்ண ஒளி எட்டாத வித்தையன்று. ஸ்ட்ரான்சியம் உப்பு செந்நிறம் தரும். பேரியம் உப்பு பச்சை நிறம் தரும். வண்ண மத்தாப்புத் தீக்குச்சியில் தொடங்கிய முயற்சி கம்பி மத்தாப்பு, பட்டாசு என்று விரிந்தது. 1940இல் வெடிபொருள் விதிகள் உரிமம் பெற்றே இத்தொழிலை நடத்த வேண்டும் என்று வரையறுத்தன. இரண்டாம் உலகப் போரால் வெளிநாட்டுப் பட்டாசு வரத்து நின்ற காலமும் அதுவே. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் உரிமம் பெற்ற பட்டாசு ஆலைகளை அமைத்த முன்னோடிகளாயினர். 1942இல் ஸ்டாண்டர்டு நிறுவனமும் தோன்றியது. நாளடைவில் இந்தியாவின் தீபாவளிக்கு வேண்டிய பட்டாசில் மிகப்பெரும் பகுதி இக்கரிசல் காட்டிலிருந்தே சென்றது.

ஊரும் கல்வியும்

அய்ய நாடார் சிவகாசி நகராட்சித் தலைவராகவும் பணியாற்றினார். எனினும் அவருடைய பெயரை நிலைநிறுத்தியது 1963இல் அவர் நிறுவிய கல்லூரியே. தம் பெயரோடு துணைவியார் பெயரையும் இணைத்து அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி என்று அதற்குப் பெயர் அமைந்தது. காமராசர் முதலமைச்சராக இருந்து பள்ளிக் கல்வியைக் கிராமங்களுக்குக் கொண்டுசென்ற காலத்தின் இறுதி ஆண்டு அது. அப்பள்ளிகளில் படித்து வெளிவந்த பிள்ளைகள் மேற்படிப்புக்கு வெளியூருக்குப் போக வேண்டியிருந்த நிலையில், கரிசல் காட்டின் நடுவே ஒரு கல்லூரி எழுந்தது எத்தனையோ குடும்பங்களில் முதல் பட்டதாரியை உருவாக்கியது. 1968இல் பெண்களுக்கென ஸ்டாண்டர்டு பயர் ஒர்க்ஸ் இராஜரத்தினம் மகளிர் கல்லூரியும் சிவகாசியில் தோன்றியது. தொழிலால் வந்த பொருள் கல்வியாகத் திரும்பும் மரபு இவ்வாறு தொடர்ந்தது. அய்ய நாடார் 1982இல் மறைந்தார்.

மறைக்கலாகாத நிழல்

இத்துடன் வரலாற்றை முடித்துக்கொண்டால் அது பாராட்டுரையாக இருக்கும், உண்மையுரையாக இராது. எவரும் செய்யக்கூடிய வேலை என்பதே இத்தொழிலின் சிறப்பு என்று முன்னர்க் கண்டோம். அந்த எவரும் என்னும் சொல்லுக்குள் குழந்தைகளும் அடங்கினர் என்பதே இத்தொழிலின் பெருந்துயரம். கட்டை அடுக்கச் சிறு விரல்கள் விரைவாக ஓடும் என்றும், கூலி குறைவு என்றும் கண்ட தொழில்துறை, விடியுமுன் கிராமங்களுக்கு வண்டி அனுப்பிப் பிள்ளைகளை ஏற்றி வந்தது. மழையின்றி வாடிய குடும்பங்கள் முன்பணம் பெற்றுப் பிள்ளைகளை அனுப்பின. பதினான்கு வயது நிரம்பாதோரைத் தொழிற்சாலையில் அமர்த்தலாகாது என்று 1948ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது; வீட்டுத் திண்ணையில் அச்சட்டம் செல்லவில்லை. 1986ஆம் ஆண்டுச் சட்டம் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களில் குழந்தைகளை ஈடுபடுத்துவதைத் தடை செய்தது. குடும்பத்தோடு செய்யும் வேலைக்கு அதிலும் விலக்கு இருந்தது.

1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சிவகாசியை முன்னிட்டு எழுந்த வழக்கில் அளித்த தீர்ப்பு பெரிய மாற்றத்திற்கு வழிகோலியது. சட்டத்தை மீறி வேலைக்கு அமர்த்தப்பட்ட குழந்தை ஒவ்வொன்றுக்கும் உரிமையாளர் 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றும், குழந்தையின் குடும்பத்தில் வளர்ந்தவர் ஒருவருக்கு அரசு வேலை தேடித்தர முயல வேண்டும் என்றும், இயலாதபோது 5,000 ரூபாய் வழங்க வேண்டும் என்றும் அது ஆணையிட்டது. சத்துணவும், சிறப்புப் பள்ளிகளும், தொண்டர்களின் உழைப்பும், 2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டமும் சேர்ந்து நிலைமையைப் பெரிதும் மாற்றின. பட்டாசு ஆலைகளில் விபத்துகள் மட்டும் ஓயவில்லை. 2012 செப்டம்பரில் சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை இவ்வட்டாரம் மறக்கவில்லை.

இவற்றையெல்லாம் ஒரு தனிமனிதரின் கணக்கில் எழுதுவது நியாயமாகாது. அதே வேளையில், நன்மையை மட்டும் முன்னோடிகளின் பெயரில் எழுதித் தீமையைக் காலத்தின் பெயரில் எழுதுவதும் நேர்மையாகாது. கையைச் சார்ந்த தொழில் ஒன்றை இங்கே நிறுவியவர்கள், பசித்தவர்க்குக் கூலி கொடுத்தார்கள். பசித்த குழந்தையும் அக்கூலிக்கு வந்து நின்றது. இரண்டும் ஒரே வரலாற்றின் இரு பக்கங்கள். வீட்டுப் பெண்களுக்குத் தம் கையில் தாமே எண்ணும் காசு முதன்முதலில் கிடைத்ததும் இத்தொழிலில்தான். கணவன் கையை எதிர்பாராமல் அரிசி வாங்கவும், மகளைப் பள்ளிக்கு அனுப்பவும் அந்தச் சிறு கூலியே பல தாய்மாருக்குத் துணிவு தந்தது. தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கிய தாயின் மகன் அதே ஊர்க் கல்லூரியில் பட்டம் பெற்றதும் இவ்வட்டாரம் கண்ட காட்சியே.

இன்றைய நிலை

இன்று தீக்குச்சியின் தேவையே சுருங்கி வருகிறது. 2007இல் ஒரு ரூபாயான தீப்பெட்டியின் விலை, பதினான்கு ஆண்டுகள் மாறாமல் இருந்து, 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாயாயிற்று. மலிவான பிளாஸ்டிக் லைட்டர்கள் சந்தையைப் பிடித்ததால் கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி உற்பத்தியாளர்கள் முறையிட்டனர். 2023 ஜூனில் இருபது ரூபாய்க்குக் குறைந்த சிகரெட் லைட்டர்களின் இறக்குமதிக்கு ஒன்றிய அரசு தடை விதித்தது. பேரியம் உப்பு சேர்ந்த பட்டாசுகளை 2018இல் உச்ச நீதிமன்றம் தடை செய்தது. 1922இல் ஒரு சுங்கவரி இத்தொழிலுக்கு வழி திறந்தது போலவே, அரசின் ஆணைகளும் அயல்நாட்டுச் சரக்கும் இன்றும் அதன் விதியை எழுதுகின்றன. அய்ய நாடார் காலத்தில் சிற்றூராக இருந்த சிவகாசி 2021இல் மாநகராட்சியாகியுள்ளது. ஆயினும் அடுத்த தலைமுறை எதைக் கொண்டு பிழைக்கும் என்னும் கேள்வி மீண்டும் கரிசல் காட்டின் முன் நிற்கிறது.

இக்கேள்விக்கு அய்ய நாடாரின் வாழ்விலிருந்து கிடைக்கும் விடை எளியது. மழை பொய்த்த ஊரில் பிறந்த பதினேழு வயது இளைஞர் விதியை நொந்து அமராமல், தெரியாத ஒன்றைத் தெரிந்தவரிடம் சென்று கற்றார். கற்றது ஊரெங்கும் பரவியது. ஈட்டியதில் ஒரு பகுதி கல்லூரியாயிற்று. புதிய தொழில்களைத் தேடிச் செல்லும் இளைஞர்களுக்கு இம்மூன்றும் வழிகாட்டும். நான்காவதாக ஒன்றை நாம் சேர்த்துக்கொள்ள வேண்டும். இனி எத்தொழில் இம்மண்ணுக்கு வந்தாலும் அதன் வாசலில் குழந்தை நிற்கலாகாது. குழந்தை நிற்க வேண்டிய இடம் பள்ளியின் வாசலே. அய்ய நாடார் நிறுவிய கல்லூரியின் நோக்கமும் இதற்கு மாறானதன்று. இதனை மனத்தில் கொண்டு தொழில் வளர்ப்பதே அம்முன்னோடிக்குக் கரிசல் மண் செலுத்தும் உண்மையான நன்றியாகும்.